டோர்க் என்றால் முறுக்கம்: 'இழுவை சக்தி' ஏன் பிழை

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்ததிலிருந்து வன்னியில் கெப் வாகனப் பேச்சு, அதாவது பின்னால் திறந்த பெட்டி உள்ள பிக்கப் பற்றிய பேச்சு, கூடிவிட்டது. வவுனியாவில் தேநீர்க்கடையில் இருந்தாலும் கிளிநொச்சியில் கராஜ் வாசலில் நின்றாலும், யாராவது போனில் ஒரு காணொளியைப் போட்டுக் காட்டுவார்கள். ஹைலக்ஸா டி-மெக்ஸா, ரேஞ்சரில் டீசல் நல்லதா பெற்றோல் நல்லதா, அமெரிக்காவின் ராம் எவ்வளவு வேகம் என்று கதை போகும். வாங்கப்போகிறவர் ஒருவர் என்றால் ஆசைக்குப் பார்க்கிறவர்கள் நூறு பேர். அதில் ஒரு குறையும் இல்லை. அந்தக் காணொளிகளில் ஓயாமல் வரும் ஒரு சொல்தான் என்னை எழுத வைக்கிறது: "இந்த எஞ்சினின் இழுவை சக்தி 583 நியூற்றன் மீற்றர்."

டோர்க் (torque), அதாவது ஒன்றை அச்சில் சுழற்றும் முறுக்கின் அளவு, அதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். இது பிழை. சும்மா சொல் அழகு பார்த்துச் சொல்லும் பிழை இல்லை, கேட்கிறவரைத் தவறான கணக்குக்குக் கொண்டுபோகும் பிழை.

முதலில் சொல்லின் பிறப்பு. முறுக்குதல், திருகுதல் என்று பொருள்படும் 'தோர்க்வேரே' என்ற இலத்தீன் வினைதான் மூலம். உடலை முறுக்கி வதைப்பதைக் குறிக்கும் டோர்ச்சர் என்ற சொல்லும் அதே வேரில் வந்ததே. இயந்திரவியலில் இந்தப் பொருளுக்கு டோர்க் என்ற பெயரை 1884இல் முன்வைத்தவர் ஜேம்ஸ் தொம்சன் என்ற பொறியியலாளர், கெல்வின் பிரபுவின் தமையன். தமிழில் தேடி அலையவே தேவையில்லை. கயிறு முறுக்குகிறோம், ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிறோம். விளக்கு - விளக்கம், இறுக்கு - இறுக்கம் என்பதுபோல முறுக்கு - முறுக்கம். இலத்தீன்காரர் எந்தச் செயலைப் பார்த்துப் பெயர் வைத்தார்களோ அதே செயல்தான் இதிலும் இருக்கிறது.

முறுக்கம் என்றால் என்ன என்பதைப் பார்க்கக் கராஜுக்குப் போனால் போதும். துருப்பிடித்த சில்லு நட்டு ஒன்று அசையமாட்டேன் என்கிறது. ஸ்பானர் 25 சென்ரிமீற்றர் நீளம். பெடியன் தன் பலமெல்லாம் கூட்டி 300 நியூற்றன் விசையால் அழுத்துகிறான். அது கிட்டத்தட்ட 30 கிலோ பாரம். நட்டில் விழும் முறுக்கம் 75 நியூற்றன் மீற்றர். நட்டு அப்படியே நிற்கிறது. அப்புறம் மூலையில் கிடக்கும் இரும்புக் குழாயை எடுத்து ஸ்பானர் பிடியில் கொழுவி, ஒரு மீற்றர் தள்ளி நின்று அதே அழுத்து அழுத்துகிறான். இப்போது முறுக்கம் 300. 'கிறீச்' என்று ஒரு சத்தம், நட்டு கழன்றுவிடுகிறது. கையின் விசை மாறவில்லை, தூரம் மட்டும்தான் மாறியது. விசையையும் அது சுழல் அச்சிலிருந்து நிற்கும் தூரத்தையும் பெருக்கினால் வருவது முறுக்கம். இங்கே யாரும் எதையும் இழுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இனி 'இழுவை சக்தி'. இந்தக் கூட்டில் இரண்டு சொற்களும் வேறு வேலையில் இருப்பவை. நம் பள்ளிக்கூடத்தில் இணைந்த கணிதம் படித்த எந்தப் பிள்ளையிடமும் கேளுங்கள்: இழுவை என்றால் இழையில், கயிற்றில் இருக்கும் விசை. கப்பியில் தொங்கும் பாரத்துக்குக் கணக்குச் செய்யும்போது எழுதுகிற அந்த இழுவை. முல்லைத்தீவுக் கரையில் கேட்டால் இழுவை என்றதும் இழுவைமடிதான் நினைவுக்கு வரும். கடலடியை வாரிக்கொண்டு போகும் அந்த வலையை எதிர்த்து எவ்வளவு காலமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்! அடுத்தது சக்தி. இலங்கைப் பாடப்புத்தகத்தில் சக்தி என்றால் யூலில் அளக்கும் ஒன்று; டீசலில் இருப்பது, மின்கலத்தில் இருப்பது. தமிழ்நாட்டில் அதற்கு ஆற்றல் என்பார்கள். முறுக்கம் சக்தியே இல்லை. "யூலும் நியூற்றன் மீற்றர்தானே" என்று ஒரு கெட்டிக்கார மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. பெருக்கினால் அலகு ஒத்துவரும், பொருள் ஒத்துவராது. சக்திக் கணக்கில் பெருக்குவது விசை நகர்த்திய தூரத்தை. முறுக்கத்தில் பெருக்குவது விசை தள்ளி நிற்கும் தூரத்தை. நட்டு அசையாமல் நின்றபோதும் 75 நியூற்றன் மீற்றர் முறுக்கம் இருந்தது, ஆனால் வேலை எதுவும் நடக்கவில்லை. அதனால்தான் உலக அலகு முறையில் முறுக்கத்துக்கு யூல் என்று எழுதுவதில்லை.

இதெல்லாம் புத்தகக் கணக்கு, சந்தையில் யார் பார்க்கிறார்கள் என்று தள்ளிவிடலாம். சந்தைக்கே வருவோம். மாங்குளத்தில் ஒரு தெரிந்த தம்பி போனை நீட்டிக் கேட்டார்: "அண்ணை, இதில ஐந்நூறு இழுவை எண்டு கிடக்கு. அப்ப ஐந்நூறு கிலோதானோ இழுக்கும்? எங்கட மெசின் பெட்டியில அதைவிடக் கூட ஏத்துறமே." அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. இழுவை என்று சொன்னால் எவ்வளவு இழுக்கும் என்றுதான் ஒரு விவசாயி கேட்பார். பிழை அந்தச் சொல்லைப் போட்டவருடையது.

ஏனென்றால், வாகனத்துக்கு உண்மையிலேயே ஓர் இழுவை எண் இருக்கிறது. பின்னால் பெட்டி கொழுவினால் எத்தனை கிலோ வரை இழுக்கலாம் என்று உற்பத்தியாளர் கொடுக்கும் எல்லை அது. அதற்கு 'இழுவை எல்லை' என்பதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. டோர்க்குக்கு இழுவையைத் தூக்கிக் கொடுத்துவிட்டால் இதற்கு எதை வைப்பது? அவுஸ்திரேலியாவில் 2022இல் விற்பனைக்கு வந்த போர்ட் ரேஞ்சரைப் பாருங்கள். இரட்டை டர்போ உள்ள 2.0 லீற்றர் டீசல் எஞ்சினின் முறுக்கம் 500 நியூற்றன் மீற்றர், வாகனத்தின் இழுவை எல்லை 3500 கிலோ. அதே ரேஞ்சரின் ராப்டர் வகையில் 3.0 லீற்றர் வி6 (ஆறு சிலிண்டர்) பெற்றோல் எஞ்சின், முறுக்கம் 583. இழுவை எல்லையோ 2500 கிலோதான். காட்டு வழியில் பாய்ந்து ஓடுவதற்கென்று பின்பக்கம் தகட்டு வில்லை எடுத்துவிட்டுச் சுருள் வில் போட்ட வாகனம் அது. 'இழுவை சக்தி' கூடியது, ஆனால் இழுவை ஒரு தொன் குறைந்தது என்று தமிழில் எழுதிப் பாருங்கள், எவ்வளவு கோணலாக வருகிறது என்று. முறுக்கம் கூடியது, இழுவை எல்லை குறைந்தது என்றால் ஒரு குழப்பமும் இல்லை. அங்கே 2020இல் வந்த, நான்கு சில்லும் இயங்கும் 2.8 லீற்றர் ஹைலக்ஸும் இப்படித்தான். கையால் கியர் மாற்றும் வண்டியில் முறுக்கம் 420, தானியங்கி கியரில் 500. இழுவை எல்லை இரண்டுக்கும் 3500 கிலோ.

அதைவிடக் கிட்ட ஒரு சாட்சி வேண்டுமானால் லான்ட் மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரம் இருக்கிறது. ஒற்றைச் சிலிண்டர், பத்துப் பன்னிரண்டு குதிரைவலு. முறுக்கம் 50 நியூற்றன் மீற்றரைத் தொடுவதே அரிது. ஆனாலும் பெரும்போக அறுவடைக்காலத்தில் நெல்லு மூட்டைப் பெட்டியை வயல் சுரிக்குள் இருந்து அது எப்படி வெளியே கொண்டுவருகிறது? கியர்களின் வேலை அது. எஞ்சினின் சுற்றைக் குறைத்துக் குறைத்துச் சில்லுக்குக் கொண்டுபோகும்போது, குறைத்த அளவுக்கு முறுக்கம் பெருகும். சில்லு மண்ணை உதைக்கும் இடத்தில்தான் இழுவை பிறக்கிறது. எஞ்சினுக்குள் இருப்பது முறுக்கம் மட்டும்.

'முறுக்குவிசை' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடப்புத்தகத்தில் 'திருப்பு விசை' என்று வரும். இழுவை சக்தியோடு ஒப்பிட்டால் இவை எவ்வளவோ மேல். சுழற்சி என்ற உயிரைப் பிடித்துக்கொண்டன. ஆனாலும் அந்த வாலில் நிற்கும் 'விசை' எனக்குச் சரிப்படவில்லை. விசையின் அலகு நியூற்றன். இது நியூற்றன் மீற்றர். ஸ்பானர் கதையில் விசை மாறவே இல்லை என்று பார்த்தோம். மாறியதற்கு விசை என்றே பெயர் வைத்தால் அந்த வித்தியாசம் எப்படி விளங்கும்? 'விசையின் திருப்பம்' என்று நம் ஆசிரியர்கள் பொதுவாகச் சொல்லிக்கொடுத்ததில் இந்தத் தெளிவு இருந்தது. முறுக்கம் அதன் கூடப்பிறந்த சொல்; வாலும் இல்லை, ஓர் எழுத்தும் மிச்சம்.

குதிரை சக்தி என்பதற்கும் இதே வியாதிதான். ஜேம்ஸ் வாட் தன் நீராவி எஞ்சினை விற்பதற்காகக் குதிரையோடு ஒப்பிட்டு நிறுவிய அலகு அது. ஏறத்தாழ 746 வாற்று. வாற்று அளப்பது வலுவை, அதாவது ஒரு செக்கனில் எவ்வளவு வேலை நடக்கிறது என்பதை. நம்மிடம் 'பரிவலு' என்று கச்சிதமான சொல் இருக்கிறது. பரி கடினம் என்றால் குதிரைவலு என்று சொல்லுங்கள், யாருக்கும் விளங்கும். தமிழ்நாட்டார் குதிரைத்திறன் என்பார்கள், அவர்கள் முறைக்கு அது சரி. ஆனால் ஒரு வசனத்தில் வலு, அடுத்ததில் திறன், மூன்றாவதில் சக்தி என்று கலந்து அடித்தால் கேட்கிறவர் மூன்றும் வேறு வேறு என்று எண்ணிக்கொள்வார். ஒரு முறையைப் பிடித்தால் கடைசிவரை அதிலேயே நில்லுங்கள்.

வலுவும் முறுக்கமும் பிரியாமல் எஞ்சின் ஒப்பீடே நடக்காது. நியூற்றன் மீற்றரை, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்ற எண்ணால் பெருக்கி 9549ஆல் வகுத்தால் கிலோவாற்று வரும். ராப்டரின் பெற்றோல் எஞ்சினில் உச்ச முறுக்கம் 583, அது 3500 சுற்றில் கிடைக்கிறது. ரேஞ்சரின் 3.0 லீற்றர் வி6 டீசலில் 600. 1750 சுற்றிலேயே வந்துவிடும். முறுக்கம் கிட்டத்தட்ட ஒன்று. வலுவைப் பார்த்தால் பெற்றோல் 292 கிலோவாற்று, டீசல் 184. பெற்றோல் எஞ்சின் 5650 சுற்றுவரை ஏறி வலுவைக் கொடுக்கிறது, டீசல் 3250இல் முடித்துக்கொள்கிறது. ஏ9 வீதியில் முன்னால் போகும் பஸ்ஸைச் சட்டென்று முந்த வேண்டுமானால் பெற்றோல். ஒட்டுசுட்டான் பக்கக் கிரவல் வீதியில் பாரத்தோடு மெல்ல ஊர்ந்து ஏற வேண்டுமானால், எஞ்சினைக் கத்த விடாமல் அடிச்சுற்றிலேயே முறுக்கம் தரும் டீசல். நான் பார்த்த ஒரு ரேஞ்சர் காணொளிக்காரர் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். 'இழுவை சக்தி இரண்டும் ஒன்றுதான்' என்று ஒரு வரியில் முடித்துவிட்டுக் கதவுப் பிடியின் நிறத்துக்குப் போய்விட்டார்.

அந்தக் காணொளியின் தலைப்பிலேயே இன்னொன்று: 'எஞ்சின் விருப்பங்கள்'. எஞ்சினுக்கு என்ன விருப்பம்? ஆங்கிலத்து 'ஒப்ஷன்ஸ்' (options) என்பதற்கு இயந்திர மொழிபெயர்ப்பு கக்கியதை எடுத்து அப்படியே ஒட்டியது தெரிகிறது. ஒட்டுமுன் ஒருதரம் வாய்விட்டு வாசித்திருந்தால் போதும். எஞ்சின் தெரிவுகள் என்றால் சரி. 'எந்தெந்த எஞ்சினோடு கிடைக்கும்' என்றால் இன்னும் நல்லது. தமிழ்ச்சொல் வரவில்லையென்றால் டோர்க் என்றே சொல்லிவிட்டுப் போகட்டும், நான் குறை சொல்லமாட்டேன். கராஜில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள், ஒருவருக்கும் பொருள் தவறுவதில்லை. தமிழில் சொல்வதென்றால் ராப்டரைப் பற்றி இப்படிச் சொல்லலாம்: 3.0 லீற்றர் பெற்றோல் எஞ்சின், வலு 292 கிலோவாற்று, முறுக்கம் 583 நியூற்றன் மீற்றர், இழுவை எல்லை 2500 கிலோ.