லாகின் ஆகிறது, ஃபைல் மட்டும் போக மறுக்கிறது

நண்பர் ஒருவரின் கோயில் புகைப்படத் தளத்தை ஒரு ஹோஸ்டிங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டேன். ஒரு மணி நேர வேலை என்று நினைப்பு. சர்வருக்கு ஃபைல் ஏற்றும் மென்பொருளான ஃபைல்ஜில்லாவைத் திறந்து புது சர்வரின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் கொடுத்தேன். லாகின் ஆனது. அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. ஃபோல்டர் பட்டியல் வர வேண்டிய இடம் காலியாகவே கிடந்தது. 20 விநாடி கழித்து இணைப்பு அறுந்தது. பழைய சர்வரிலோ, அதே கணினியிலிருந்து எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

இப்படி நேர்ந்தால் பலரும் முதலில் கடவுச்சொல்லைத்தான் மாற்றிப் பார்ப்பார்கள். அது வீண் வேலை. கடவுச்சொல் தவறு என்றால் சர்வர் 530 என்ற பிழை எண்ணோடு முகத்துக்கு நேராகவே சொல்லிவிடும். உள்ளே விட்டுவிட்டு அப்புறம் மௌனமாக இருக்கிறது என்றால், கோளாறு, கணினிக்குக் கணினி ஃபைல் அனுப்பும் நெறிமுறையான எஃப்டிபி பிறந்த விதத்தில் இருக்கிறது.

எஃப்டிபியின் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷன். கான்பூர் ஐஐடியில் படித்து எம்ஐடிக்குப் போனவர். இன்றைக்கும் அடிப்படையாக இருக்கும் ஆர்எஃப்சி 959 என்ற விதி ஆவணம் வந்தது 1985இல். வீட்டுக்கு வீடு ரவுட்டரும் சர்வருக்கு சர்வர் ஃபயர்வால் என்ற காவல்காரனும் வராத காலம் அது. எந்தக் கணினியும் எந்தக் கணினியையும் நேரடியாகக் கூப்பிடலாம். அந்தத் தைரியத்தில் எஃப்டிபிக்கு இரண்டு இணைப்புகளை வைத்துவிட்டார்கள். பேச்சுக்கு ஒன்று, சரக்குக்கு ஒன்று. சர்வரின் எண்ணிட்ட கதவுகளுக்குப் போர்ட் என்று பெயர். 21ஆம் போர்ட்டில் நடப்பது வெறும் பேச்சு: நான் இன்னார், பட்டியல் கொடு, இந்த ஃபைலை வாங்கிக்கொள். பட்டியலோ ஃபைலோ போவதற்கு ஒவ்வொரு தடவையும் புதிதாக இன்னொரு இணைப்பு திறக்க வேண்டும். லாகின் ஆகிப் பட்டியல் வராமல் நிற்பதன் மர்மம் இதுதான்: பேச்சு இணைப்பு நன்றாக இருக்கிறது, சரக்கு இணைப்பு திறக்கவில்லை.

ஆரம்பத்தில் இந்த இரண்டாவது இணைப்பை சர்வரே நம் கணினியை நோக்கித் திறக்கும். இன்றைய வீட்டு ரவுட்டர் அதை முன்பின் தெரியாத ஆள் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அதனால் இப்போது எல்லோரும் பேசிவ் முறையைத்தான் பயன்படுத்துகிறோம். எந்தக் கதவுக்கு வர வேண்டும் என்று சர்வர் சொல்லும், நாம் போய்த் தட்ட வேண்டும். அந்தப் பதில் ஃபைல்ஜில்லாவின் செய்திப் பதிவில் 227 என்று தொடங்கி, அடைப்புக்குள் ஆறு எண்களோடு வரும். உதாரணமாக 192,168,1,10,195,80. முதல் நான்கும் முகவரி. கடைசி இரண்டும் சேர்ந்து போர்ட்: 195ஐ 256ஆல் பெருக்கி 80ஐக் கூட்டினால் 50000.

இந்த ஒரு வரியை வைத்தே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். முகவரி 192.168 என்று தொடங்கினால் சர்வர் தன் உள்வீட்டு முகவரியைச் சொல்கிறது. வழி கேட்டவரிடம் ‘அடுக்களைக்குப் பக்கத்து அறை’ என்று சொன்ன மாதிரி. ஃபைல்ஜில்லா போன்றவை இதைப் புரிந்துகொண்டு சர்வரின் பொது முகவரிக்கே போய்விடும். எல்லா மென்பொருளும் அப்படியல்ல. முகவரி சரியாக இருந்தும் தொங்கினால், அந்தப் போர்ட்டை சர்வரின் ஃபயர்வால் அடைத்து வைத்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். எனக்கு நடந்தது இதுதான். பேசிவ் முறைக்கு எந்த எண் முதல் எந்த எண் வரை என்று சர்வரில் ஒதுக்கி, அதே வரம்பை ஃபயர்வாலிலும் திறக்க வேண்டும். புது ஹோஸ்டிங்காரர்கள் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்திருந்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சில ஃபயர்வால்கள் 227 வரியை ஒட்டுக்கேட்டு, அதில் சொன்ன போர்ட்டை மட்டும் அந்த நேரத்துக்குத் திறந்துவிடும். பாதுகாப்புக்காக எஃப்டிபியின் பூட்டிய வடிவமான எஃப்டிபிஎஸ்ஸுக்கு மாறினால் பேச்சு முழுவதும் மறையாக்கப்பட்டுவிடும், ஒட்டுக்கேட்க முடியாது, கதவு திறக்காது. பாதுகாப்பில்லாத எஃப்டிபி ஓடும், பாதுகாப்பானது படுத்துவிடும்! பெரிய வீடியோ 100 சதவீதம் ஏறிய பிறகு ‘தோல்வி’ என்று வருவதும் இந்த இரட்டை இணைப்பால்தான். சரக்கு போய்க்கொண்டிருக்கும் நேரம் முழுக்கப் பேச்சு இணைப்பு சும்மா இருக்கிறது. ரவுட்டர் அதைச் செத்துவிட்டதாக நினைத்து மறந்துவிடுகிறது. முடிந்தது என்று சர்வர் சொல்லும் 226 நம்மிடம் வந்து சேர்வதே இல்லை. ஃபைலோ அங்கே முழுசாகவே இருக்கும்.

என்னைக் கேட்டால், ஹோஸ்டிங்கில் எஸ்எஃப்டிபி என்ற ஃபைல் அனுப்பும் முறை இருந்தால் இந்தத் தலைவலியே வேண்டாம். பெயர்தான் ஒத்துப்போகிறது, அது வேறு ஜாதி. 22ஆம் போர்ட்டில் ஒரே இணைப்பு. பேச்சும் சரக்கும் அதிலேயே போகும்.

சரி, ஃபைல் போய்விட்டது. ஆனால் திறந்தால் படம் உடைந்திருக்கிறது. இது வேறு கதை. வரி முடிவைக் குறிக்க விண்டோஸ் 13, 10 என்று இரண்டு பைட் போடும். லினக்ஸ் 10 மட்டும் போடும். எஃப்டிபியில் உரை ஃபைல்களுக்கான எழுத்து முறை (ஆஸ்கி) என்று ஒன்று உண்டு, அது போகிற வழியிலேயே இதை மாற்றிக் கொடுக்கும். உரைக்கு அது உதவி, படத்துக்கு நாசம். படத்துக்குள் தற்செயலாக 13, 10 பக்கத்தில் பக்கத்தில் வந்தாலும் 13ஐப் பிடுங்கி எறிந்துவிடும். 1995இல் பிஎன்ஜி என்ற பட வடிவத்தை உருவாக்கியவர்கள் இதில் பட்டவர்கள் போலும். ஒவ்வொரு பிஎன்ஜி படமும் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்ற எட்டு பைட்டில்தான் தொடங்கும். நடுவிலுள்ள 13, 10 ஒரு பொறி: யாராவது வரி முடிவை மாற்றினால் எட்டு ஏழாகும், படம் கெட்டது உடனே தெரிந்துவிடும். கடைசி 10 எதிர்த்திசை மாற்றத்தைப் பிடிக்க. 127க்கு மேற்பட்ட அந்த 137, ஏழு பிட் மட்டுமே கடத்தும் பழைய பாதைகளைப் பிடிக்க. எனவே படம் உடைந்தால் இரண்டு பக்கமும் ஃபைலின் அளவை பைட் கணக்கில் ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால், எதையும் மாற்றாமல் அப்படியே அனுப்பும் பைனரி முறைக்கு மாற்றி மறுபடி ஏற்றினால் போதும்.

ஏற்றும்போது 550 என்ற பிழை வந்தால் பெரும்பாலும் அனுமதிச் சிக்கல் அல்லது ஃபைலே இல்லை. 552 என்றால் ஒதுக்கிய இடம் நிறைந்துவிட்டது. அனுமதிக்காக எல்லாவற்றுக்கும் 777, அதாவது யார் வேண்டுமானாலும் படிக்க, மாற்ற, ஓட்டலாம் என்ற எண்ணைக் கொடுக்கச் சொல்லும் வைத்தியர்களை நம்ப வேண்டாம். சில சர்வர்கள் 777 உள்ள நிரலைப் பாதுகாப்பு கருதி ஓட்டவே மறுத்து 500 பிழை காட்டும். உரிமையாளர் மட்டும் மாற்றக்கூடிய எண்களான ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644 சரியான தொடக்கம்.

எல்லாம் ஏறிய பிறகும் மூன்று படங்கள் மட்டும் தளத்தில் தெரியவில்லை. கோபுரம், தோரணம், பொற்றாமரை. மண்டபமும் சிலையும் தேரும் பிரமாதமாகத் தெரிந்தன. படங்களை நண்பர் தன் பழைய மேக்கிலிருந்து ஏற்றியிருந்தார். பக்கங்களை நான் விண்டோஸில் தட்டச்சு செய்திருந்தேன். விண்டோஸ் பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காது, லினக்ஸ் பார்க்கும் என்பது தெரிந்ததுதான். ஆனால் தமிழில் ஏது பெரிய எழுத்து?

மூன்று பெயரிலும் ஒகரமோ ஓகாரமோ இருப்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகப் போடலாம், 6 பைட். அல்லது முன்னால் வரும் ஏகாரக் கொம்பு, பின்னால் வரும் கால் என்று பிரித்தும் போடலாம், 9 பைட். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. பழைய மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்துத்தான் வைக்கும். என் விசைப்பலகை சேர்த்துத்தான் அடிக்கும். லினக்ஸ் சர்வருக்குத் தமிழ் தெரியாது. பைட் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு 404, அதாவது அப்படி ஒரு ஃபைல் இல்லை என்றது.

மூன்று பெயர்களையும் என் விசைப்பலகையில் மறுபடி தட்டி மாற்றினேன். பார்வைக்கு எதுவும் மாறவில்லை. பக்கத்தைப் புதுப்பித்தேன், கோபுரம் வந்து நின்றது.