வயித்து மேல காகிதக் கப்பல்: சின்னப் பசங்களுக்கு யோகா

ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் இருக்குற பசங்களுக்குத்தான் நான் யோகா சொல்லிக்குடுக்குறேன். ஜூன்ல ஸ்கூல் திறந்ததும் முதல் கிளாஸ்ல ஆசனமே கிடையாது, "எங்க, எல்லாரும் மூச்ச நல்லா இழுங்க பாப்போம்"னு மட்டும்தான் சொல்வேன். முக்கால்வாசி பேர் தோள்பட்டைய காது வரைக்கும் தூக்கி வயித்த உள்ள எக்கிக்குவாங்க. மூச்ச இழுக்கும்போது நுரையீரலுக்குக் கீழ இருக்குற உதரவிதானம்ங்கிற தசை கீழ இறங்கி வயிறு வெளிய வரணும், இங்க அப்படியே உல்டாவா நடக்கும்.

அதனால பாயில மல்லாக்கப் படுக்க வெச்சு, நோட்டு பேப்பர்ல செஞ்ச கப்பல தொப்புள் மேல வெச்சுடுவோம். கப்பல் ஏறணும், மெதுவா இறங்கணும், கவுந்துடக் கூடாது, அவ்ளோதான் பாடம். நாலு எண்ணி இழு ஆறு எண்ணி விடுன்னா முழிக்கிற ரெண்டாங்கிளாஸ் பையன், கப்பல் கவுந்துடுமேங்கிற கவலையில தானாவே மூச்ச நீளமா விடுவான். வெளிய விடுற மூச்சு நீளமானா மூளையிலேர்ந்து இதயத்துக்குப் போற வேகஸ் நரம்பு வழியா இதயத்துடிப்பு கொஞ்சம் தணியும், பரபரப்பு அடங்கும். பரீட்சைன்னாலே வயித்து வலின்னு அழற ஒரு மூணாங்கிளாஸ் பொண்ணு, கேள்வித்தாள் குடுக்குறதுக்கு முன்னாடி தொப்புள் மேல கைய வெச்சு கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருந்தா. என்னம்மான்னு கேட்டேன், "கப்பல் விடுறேன் மிஸ்"னா. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

அடுத்து விருட்சாசனம். ஒத்தக்கால்ல நின்னா ஆரம்பத்துல அஞ்சு செகண்ட்லயே ஆடிடுவாங்க, கால் விரலெல்லாம் தரையப் பிராண்டும். போர்டு மூலைய மட்டும் பாருன்னு சொன்னா கண்ணு, உள்காது, கணுக்கால் தசை எல்லாம் சேர்ந்து வேலை செய்ய ஆரம்பிக்கும், ரெண்டு மாசத்துல அதே பசங்க கைய மேல தூக்கிட்டு அசையாம நிப்பாங்க. குப்புறப் படுத்து நெஞ்சத் தூக்குற புஜங்காசனமும் சொல்லிக்குடுப்பேன், பை தூக்கித் தூக்கி முன்னாடி குனிஞ்ச முதுகுக்கு அது ரொம்ப நல்லது. 2020ல வந்த ஸ்கூல் பேக் பாலிசி, பை எடை பிள்ளையோட எடையில 10 சதவீதத்தத் தாண்டக் கூடாதுங்குது, நான் தராசுல வெச்சுப் பாத்த ஒரு 22 கிலோ பொண்ணோட பை 4 கிலோ இருந்துச்சு.

எனக்கு உண்மையிலேயே கோவம் வர்றது போட்டிகளப் பாத்துதான். "வில்லு மாதிரி வளையுது"ன்னு கைதட்டுறோமே, அந்தப் பிள்ளைக்குப் பல நேரம் மூட்டு பிறவியிலயே லூசா இருக்கும், அதுக்குத் தேவை தசை வலு, இன்னும் வளைக்கிறது இல்ல. ஒரு ஸ்கூல்ல ஆண்டு விழாவுக்காக எட்டு வயசுப் பையன சிரசாசனத்துல ரொம்ப நேரம் நிக்க வெச்சு, ஒரு வாரம் கழுத்தத் திருப்ப முடியாம எங்கிட்ட கூட்டிட்டு வந்தாங்க. இந்த வயசுல சிரசாசனம், மூச்ச அடக்குறது, வேகவேகமா மூச்ச வெளிய தள்ளுற கபாலபாதி எதுவுமே வேணாம்ங்க, பிராமரின்னு சொல்ற வண்டு சத்தம் போதும், பசங்க அதத்தான் ஆசையா செய்வாங்க.

யோகா இருக்கேன்னு பி.டி. பீரியட எடுத்துடாதீங்க. 5லேர்ந்து 17 வயசு வரைக்கும் தினமும் சராசரியா 60 நிமிஷம் மூச்சு வாங்க ஓடி ஆடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, பதினஞ்சு நிமிஷ யோகா அதோட சேர்த்துதான், அதுக்குப் பதிலா இல்ல.

காலைல சாப்பிட்ட உடனே செய்ய வைக்காதீங்க, ரெண்டு மணி நேரமாவது போகட்டும். வீசிங், வலிப்பு, குடலிறக்கம் இருக்குற பிள்ளைன்னா டாக்டர்கிட்ட கேட்டுட்டு டீச்சர்கிட்டயும் முன்னாடியே சொல்லிடுங்க.