உங்கள் வீட்டுக்கு வங்கி போடும் விலை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து சாட்ஸ்வொர்த்தில் விற்பனைக்கு வரும் ஒரு வீட்டுக்குக் குறைந்தது மூன்று விலைகள் இருக்கும். ஏஜென்ட் சொல்வது ஒன்று, டர்பன் மாநகராட்சியின் வரிக் கணக்கில் இருப்பது ஒன்று, வாங்குபவருக்கு பாண்ட், அதாவது வீட்டுக் கடன், தரும் வங்கி போடுவது ஒன்று. மூன்றும் ஒத்துப்போனால்தான் ஆச்சரியம். மாநகராட்சி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஏதோ ஒரு தேதியை வைத்து ஊர் முழுவதற்கும் சேர்த்து விலை போடுகிறது. அது சீக்கிரம் பழசாகிவிடும். ஏஜென்ட் சொல்லும் தொகையில் உங்கள் வீட்டை விற்கும் உரிமை தன் கைக்கு வரவேண்டும் என்ற ஆசையும் கொஞ்சம் கலந்திருக்கும்.

வங்கி கேட்பது ஒன்றே ஒன்றுதான்: தவணை நின்றுபோனால் இதை விற்று எவ்வளவு தேறும்?

அதற்குப் பதில் சொல்ல, வங்கிக்காக விலை போடும் மதிப்பீட்டாளர் அக்கம்பக்கத்தில் அண்மையில் விற்ற வீடுகளைத் தேடுகிறார். கேட்ட விலை அவருக்கு வேண்டாம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திர அலுவலகத்தில் பதிவான விலைதான் வேண்டும். அப்பா மகனுக்கு மலிவாக எழுதிக்கொடுத்தது, ஏலத்தில் போனது போன்றவற்றை ஒதுக்கிவிடுவார். யாருக்கும் நெருக்கடி இல்லாமல் நடந்த விற்பனைதான் சந்தை விலையைக் காட்டும்.

அப்புறம்தான் உண்மையான வேலை. உங்கள் வீட்டில் மூன்று படுக்கையறை, ஒரு குளியலறை, கராஜ் இல்லை என்று வைத்துக்கொள்வோம். கராஜும் இரண்டாவது குளியலறையும் உள்ள வீடு ஒன்று 13 லட்சம் ராண்டுக்குப் போயிருக்கிறது. கராஜுக்கு 80 ஆயிரம், குளியலறைக்கு 50 ஆயிரம் கழித்தால் 11.7 லட்சம். இன்னொன்று 10.9 லட்சத்துக்குப் போனது, ஆனால் அதன் சமையலறை பாழ். 60 ஆயிரம் கூட்டினால் 11.5 லட்சம். (தொகைகள் விளக்கத்துக்கு மட்டும்.) கூட்டலும் கழித்தலும் எப்போதும் விற்ற வீட்டின் மேல்தான் நடக்கும், ஏனென்றால் தெரிந்த விலை அதனுடையது மட்டுமே. வந்த தொகைகளுக்குச் சராசரி எடுப்பதில்லை. எதில் குறைவாகக் கை வைத்தாரோ அதற்கே அதிக மரியாதை.

கராஜுக்கு 80 ஆயிரம் எங்கிருந்து வந்தது? கட்டிய செலவிலிருந்து இல்லை. மற்றபடி ஒரே மாதிரியான இரண்டு வீடுகளில் கராஜ் உள்ளது எவ்வளவு கூடுதலாக விற்றது என்று பார்க்கிறார்கள். பூஜை அறைக்கு இரண்டு லட்சம் செலவழித்தவர்களுக்கு மனம் நோவது இங்கேதான். அடுத்து வாங்குபவர் அதற்குக் காசு தரமாட்டார் என்றால் மதிப்பில் அது பூஜ்யம்.

சாட்ஸ்வொர்த்தில் இந்தக் கணக்குக்குத் தனிச் சிக்கல் உண்டு. எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று வகுத்த நிறவெறிக் காலத்துக் குழுப் பகுதிச் சட்டத்தால் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து பெயர்க்கப்பட்ட இந்தியர்களுக்காக 1960களில் எழும்பிய ஊர் இது. நகராட்சி சில மாதிரிகளை வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகக் கட்டியது. ஒப்பிடச் சுலபம் என்று தோன்றும். ஆனால் அறுபது ஆண்டுகளாக ஒவ்வொரு குடும்பமும் மாடி ஏற்றி, பின்கட்டு சேர்த்து, வாடகைக்கு விட வளாகத்திலேயே தனிக் கட்டடம் (அவுட்பில்டிங்) போட்டுவிட்டது. பலவற்றுக்கு அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் கிடையாது. வரைபடம் இல்லாத அறையைக் கணக்கில் சேர்க்க வங்கி தயங்கும். சரிவில் நிற்கும் வீடென்றால் தாங்குசுவரையும் விரிசல்களையும் நின்று பார்ப்பார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனின் மலைச்சரிவுகள் பெயர்ந்து வீடுகள் போனதை இங்கே யாரும் மறக்கவில்லை.

வீட்டுக்கு யாருமே வராமல் கணினியே விலை சொல்வதும் உண்டு. பதிவேட்டு விலையும் மனையின் அளவும் கணினிக்குத் தெரியும், பின்கட்டு தெரியாது.

அமெரிக்காவில் இந்த வேலையைத் தரகர்களும் செய்கிறார்கள். சிலசமயம் தெருவில் நின்று பார்த்தே அறிக்கை எழுதிவிடுவார்கள். முழு மதிப்பீட்டைவிடச் செலவு குறைவு என்பதால், கடன் நின்றுபோன வீடுகளுக்கு வங்கிகள் இதை விரும்புகின்றன. ஆனால் ஒருவர் தான் குடியிருக்க வீடு வாங்கும்போது, தரகரின் கருத்தையே முதன்மை ஆதாரமாக வைத்துக் கடன் தரக்கூடாது என்று 2010இல் சட்டம் வந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவில் மதிப்பீட்டாளர் தொழிலுக்கென்றே 2000ஆம் ஆண்டுச் சட்டமும் பதிவு முறையும் இருக்கின்றன.

சரி, பேசிய விலை 12.5 லட்சம், வங்கி போட்டது 11.6 லட்சம் என்றால்? இரண்டில் குறைந்த தொகையை வைத்துத்தான் பொதுவாகக் கடன் கிடைக்கும். மீதி 90 ஆயிரத்தை வாங்குபவர் கையிலிருந்து போடவேண்டும், அல்லது விற்பவர் இறங்கிவர வேண்டும். அதே தெருவில் அண்மையில் பதிவான, வங்கி கவனிக்காத விற்பனை ஏதாவது இருந்தால் அதை ஏஜென்ட் மூலம் காட்டி மறுபடி பார்க்கச் சொல்லலாம். வெறும் வாதத்துக்கு அங்கே பலன் இல்லை.