துளை எங்கே விழுகிறது?

ஓடிக்கொண்டிருந்த கால்பந்து வீரர் சட்டெனத் திரும்புகிறார். பாதம் தரையில் ஊன்றி நிற்க, உடம்பு மட்டும் திரும்புகிறது. முழங்காலுக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம். சில மணி நேரத்தில் மூட்டு வீங்கிவிடுகிறது. “ஜவ்வு கிழிந்துவிட்டது” என்பார்கள். மூட்டுக்குள் மெத்தை போலிருக்கும் குருத்தெலும்பையும் ஜவ்வு என்கிறோம், எலும்போடு எலும்பைக் கட்டிவைக்கும் தசைநாரையும் ஜவ்வு என்கிறோம். இங்கே அறுந்தது தசைநார். டாக்டர்கள் அதை ஏ.சி.எல். என்பார்கள், அதாவது முன் குறுக்குத் தசைநார்.

தொடை எலும்பின் அடியில் இரண்டு குமிழ்கள் உண்டு. வெளிப்பக்கக் குமிழின் உட்சுவரில், பின்கோடியில் தொடங்கும் இந்த நார், சாய்வாக இறங்கிக் கீழ்க்கால் எலும்பின் மேல்தளத்தில் முன்பக்கமாக ஒட்டுகிறது. நீளம் சுமார் 3 செ.மீ., அகலம் சுமார் 1 செ.மீ. அவ்வளவுதான். ஆனால் இளவயதில் அதை அறுக்க 2,000 நியூட்டனுக்கு மேல் விசை வேண்டும். 200 கிலோ எடையைத் தொங்கவிடுவது போல.

இது ஒரே கயிறு அல்ல, இரண்டு கற்றைகள். காலை மடக்கும்போது ஒன்று இறுகும், நீட்டும்போது மற்றொன்று இறுகும். கீழ்க்கால் முன்னால் நழுவாமலும் முறுகாமலும் இருப்பது இந்தப் பங்கீட்டால்தான். 1836-லேயே ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள் இதைக் கவனித்திருக்கிறார்கள்.

முழங்காலின் உட்புறப் பக்கவாட்டுத் தசைநார் கிழிந்தால் பெரும்பாலும் தானே ஆறிவிடும். ஏ.சி.எல். மூட்டு நீரில் நனைந்து கிடப்பதால், அறுந்த முனைகளுக்கு நடுவே ரத்தம் உறைந்து பாலம் கட்ட முடிவதில்லை. அதனால்தான் வேறொரு நாரை எடுத்துப் பொருத்துகிறார்கள். 1917-ல் இங்கிலாந்தின் ஹே குரோவ்ஸ் இரு எலும்புகளிலும் துளையிட்டு, தொடையின் வெளிப்புறப் பட்டையை உள்ளே செலுத்தினார். இன்று தொடையின் பின்புறத் தசைநாணோ (தசையை எலும்போடு இணைக்கும் நார்), முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாணோ எடுக்கப்படுகிறது.

எந்த நாரை எடுப்பீர்கள் என்றுதான் நோயாளிகள் கேட்கிறார்கள். துளை எங்கே போடுவீர்கள் என்பது அதைவிடப் பெரிய கேள்வி என்பேன். தொடை எலும்பின் அந்த உட்சுவரில் ஒரு சிறு மேடு இருக்கிறது. மூட்டுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பயிற்சி மருத்துவர்கள் அதையே சுவரின் பின்விளிம்பு என்று நினைத்து, அதற்கு முன்னாலேயே துளையிட்டுவிடுவார்களாம். அதனாலேயே அதற்கு ‘ரெசிடென்ட்ஸ் ரிட்ஜ்’, பயிற்சி மருத்துவர் மேடு, என்று பெயர் வந்தது. உண்மையான ஒட்டிடம் அந்த மேட்டுக்குப் பின்னால் இருக்கிறது.

சில மில்லிமீட்டர் முன்னே போனால், காலை மடக்கும்போது புதிய நார் அளவுக்கு மீறி இறுகும்; ஒன்று கால் முழுதாக மடங்காது, அல்லது நார் தளர்ந்துபோகும். துளை மேலே, இரு குமிழ்களுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தின் கூரைப் பக்கம் போய்விட்டால் நார் செங்குத்தாக நிற்கும். அப்போது முன்னால் நழுவுவது நிற்கும், முறுகுவது நிற்காது. நேராக நடப்பவருக்குக் குறையே தெரியாது. திரும்பும்போதுதான் மூட்டு வழுக்கும். கீழ்க்கால் எலும்பின் துளை வழியாகவே மேலேயும் துளையிட்ட காலத்தில் இந்தச் செங்குத்துச் சிக்கல் நிறைய வந்தது. அப்புறம்தான் பலர் உட்புறமாகத் தனி வழி வைத்து, பழைய நார் விட்டுச்சென்ற தடத்திலேயே துளையிடத் தொடங்கினார்கள்.

வைத்த நார் உடனே உயிர்பெறுவதில்லை. முதலில் அதன் செல்கள் மடிகின்றன, பிறகு புது ரத்தக்குழாய்கள் உள்ளே வளர்கின்றன. இரண்டாம், மூன்றாம் மாதத்தில், வலி குறைந்து நடை நன்றாகிவிட்ட நேரத்தில்தான், அது மிக பலவீனமாக இருக்கிறது.