கரைந்த கரிமக் கார்பன்: சொல் விளக்கம்

மட்கிய சருகு போன்ற உயிர்ப்பொருளிலிருந்து வந்து நீரில் கரைந்திருக்கும் கார்பன். ஆங்கிலத்தில் டிசால்வ்டு ஆர்கானிக் கார்பன். ஆய்வகங்களில் சுருக்கமாக டி.ஓ.சி.

கார்பனுக்கு வேர் ‘கார்போ’. லத்தீனில் அடுப்புக்கரி என்று பொருள். 1787-இல் பிரெஞ்சு வேதியியலார் அந்தத் தனிமத்துக்குக் ‘கார்போன்’ என்று பெயரிட்டார்கள். தமிழிலும் கரியிலிருந்துதான் கரிமம் வந்தது. ஆனால் ‘கரிமம்’ தனிமத்தையும் குறிக்கிறது, ‘கரிம வேதியியல்’ என்னும்போது ஆர்கானிக்கையும் குறிக்கிறது. ‘கரைந்த கரிமம்’ என்று சுருக்கினால் தண்ணீரில் இருக்கும், ஆர்கானிக் அல்லாத பைகார்பனேட்டும் கணக்கில் நுழைந்துவிடும். இலங்கையில் ‘கரைந்த சேதனக் காபன்’ என்பதால் அங்கே இந்த வம்பு இல்லை. இங்கே, நீளமானாலும் ‘கரைந்த கரிமக் கார்பன்’ என்பதே சரி.

‘கரைந்த’ என்பதும் ஒரு வசதிக்கான வரையறைதான். 0.45 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிதாளைத் தாண்டிய எல்லாமே கரைந்ததாகக் கொள்ளப்படுகிறது. நுண்ணிய கூழ்மத் துகள்களும் அதில் சேர்த்தி.

சென்னைக்கு வடக்கே கடலில் சேரும் கொசஸ்தலை ஆற்றில் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு மேலே வந்து சேரும் நகரி ஆறு, மலைக்காட்டு நீரைக் கொண்டுவருகிறது. அப்படிப்பட்ட காட்டில் சருகிலும் மட்கிலும் இறங்கும் மழைநீர், டிகாக்ஷன் இறங்குவதுபோல் பழுப்புச் சாற்றை இழுத்துக்கொள்கிறது. மழை குறைவென்றால் நீர் ஆழத்துக்குக் கசியும். களிமண்ணும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும் கார்பனைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஓடை தெளிவாகவே ஓடும். பெருமழையில் நிலத்தடி நீர்மட்டம் மேலேறி, நீர் மேல்மண் வழியாகப் பக்கவாட்டில் பாயும். அடிமண்ணைத் தொடாததால் கார்பன் அப்படியே ஓடைக்கு வந்துவிடும். நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் வெள்ளம் பெரும்பாலும் அடர்த்தியாக இருக்கும். மழை நாள்கணக்கில் நீடித்தால் இருப்புக் கரைந்து சாறு நீர்த்துப்போகும்.

அடர்த்தி வேறு, சுமை வேறு. நொடிக்கு 2 கன மீட்டர் ஓடும் ஓடையில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நாளுக்கு 864 கிலோ கார்பன் போகும். ஓட்டம் பத்து மடங்காகி அடர்த்தியும் இரட்டித்தால் 17 டன்னைத் தாண்டும். மாதம் ஒரு மாதிரி எடுத்துப் போடும் கணக்கில் இந்த வெள்ள நாட்கள்தான் விட்டுப்போகின்றன.

மாதிரி எடுக்கும்போது வடிதாளிலிருந்தே கார்பன் கசியும். முதலில் வடியும் நீரைக் கொட்டிவிட வேண்டும். கண்ணாடி இழை வடிதாளை 450 டிகிரியில் சுட்டுச் சுத்தம் செய்யலாம். ஆனால் அதன் துளை 0.7 மைக்ரோமீட்டர், எனவே இரண்டு வகை எண்களையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிடக் கூடாது. வடித்ததும் அமிலமிட்டுக் குளிரில் வைக்காவிட்டால் நுண்ணுயிர்கள் தின்று எண் குறைந்துவிடும்.

குடிநீரில் இதன் முக்கியத்துவம் குளோரினால் வருகிறது. குளோரின் இந்தக் கார்பனோடு வினைபுரிந்து குளோரோஃபார்ம் உள்ளிட்ட டிரைஹாலோமீத்தேன்கள் என்ற, உடலுக்குக் கேடு செய்யக்கூடிய சேர்மங்களை உண்டாக்குகிறது. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500-இன்படி குளோரோஃபார்முக்கு உச்சவரம்பு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். அதனால்தான் படிகாரமிட்டுக் கார்பனை முடிந்தவரை படியவைத்த பிறகு குளோரின் கலப்பது நல்லது.

கொசஸ்தலை கடலை நெருங்கும் மணலி, எண்ணூர் பக்கம் எடுத்த மாதிரியைக் காட்டுக் கார்பன் என்று எழுதுவது தவறு. அங்கே கழிவுநீரின் கார்பனும் கலந்திருக்கும். முகத்துவாரத்தில் உப்புநீர் பட்டு ஒரு பகுதி திரண்டு படிந்தும் போகும். காட்டின் பங்கு தெரிய வேண்டுமானால் பூண்டிக்கு மேலே, ஊர்க் கழிவு கலக்கும் முன்பே எடுக்க வேண்டும்.