சீவாளியும் தொண்டையும்

நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்பவர் ஒருவர் அதன் ஊதும் முனையான சீவாளியை மட்டும் உதட்டில் வைத்து ஊதிக் காட்டினார். வாத்துக்குஞ்சு கத்துவது போல மெல்லிய ‘பீ’. அதே சீவாளியை உலவில், அதாவது ஆச்சா மரத்தாலான நீண்ட குழாயில், செருகி ஊதினார். தெருக்கோடியில் மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். நாடகத்தில் நடிக்க வருகிறவர்களுக்குக் குரல் பழக்கும்போது நான் முதலில் சொல்வது இந்தக் காட்சியைத்தான்.

நம் தொண்டையிலும் ஒரு சீவாளி இருக்கிறது. குரல் நாண்கள் எனப்படும் இரண்டு மடிப்புகள். பேசும்போது ஆண்களுக்கு வினாடிக்குச் சுமார் 120 தடவையும் பெண்களுக்குச் சுமார் 200 தடவையும் அவை மூடித் திறக்கின்றன. அவை எழுப்புவது வெறும் ரீங்காரம். அங்கிருந்து உதடு வரை போகும் வளைந்த குழாய்தான் நம் உலவு. ஆண்களுக்கு அது ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் நீளம். 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு இத்தனை அதிர்வு) அருகே ஒத்ததிரும், அதாவது அந்த ஒலிகளோடு சேர்ந்து அதிர்ந்து அவற்றைப் பெருக்கும். நாக்கும் தாடையும் அசைந்தால் இந்த எண்கள் இடம் மாறும், ‘ஆ’ ‘ஈ’ ஆகும்.

மைக் இல்லாத மேடையில் என்ன நடக்கிறது? வெட்டவெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். 5 மீட்டரில் இருப்பவருக்குக் கேட்பதைவிட 40 மீட்டரில் இருப்பவருக்கு 18 டெசிபல் குறைவு. இதைக் கத்தி ஈடுகட்ட முடியாது. கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் அரிச்சந்திரன் வேஷம் கட்டியபோது நான் அதைத்தான் செய்தேன். மயான காண்டம் வந்தபோது விடியவில்லை, குரல் போய்விட்டிருந்தது. கத்தக் கத்த நாண்கள் ஒன்றையொன்று அறைந்து வீங்குகின்றன. பிறகு சரியாக மூடுவதில்லை, இடைவெளியில் வெறும் காற்று ஒழுகுகிறது.

பழகியவர் நாண்களுக்கு நேர் மேலே உள்ள இடத்தைக் குறுக்கி, அதற்கு மேல் தொண்டையை அகல விடுகிறார். அப்போது 3000 ஹெர்ட்ஸ் அருகே ஒலி திரள்கிறது. மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பதும் அங்கேதான். கணீர்க் குரல் என்று நாம் சொல்வதன் சூட்சுமம் இது. டெல்டாவின் வயல்வெளி இரவும் கைகொடுக்கும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து மேற்காற்று வெதுவெதுப்பாக இருந்தால், மேலே எழும் ஒலி வளைந்து தரைக்கே திரும்பும்.

தொண்டையைத் தேற்ற நான் கொடுப்பது காய்ந்த பப்பாளி இலைக் காம்பு. ஒரு முனையை வாயில் கவ்வி, மறுமுனையை டம்ளர் தண்ணீரில் இரண்டு விரற்கடை அமிழ்த்தி ‘ஊ’ என்று இழுக்க வேண்டும். குமிழி எழும்போது காற்று சற்றுத் திரும்பித் தள்ளும். நாண்கள் அறைந்துகொள்ளாமல் மெத்தென்று அதிரும். தினமும் ஐந்து நிமிடம், விடாமல்.

மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளா என்ற இசை நாட்டிய நாடகத்தில் ஆண்கள்தான் பெண் வேஷமும் கட்டுவது மரபு. பெண் குரல் என்றதும் புதியவர்கள் சுருதியை மட்டும் ஏற்றிக் கீச்சிடுவார்கள். அது போதாது; பெண்களின் உலவே குட்டை. குரல்வளையைச் சிறிது உயர்த்தி, உதட்டைப் புன்னகை போல விரித்தால் குழாயின் நீளம் குறையும், காது நம்பும்.

வட்டார வழக்கும் இப்படி வாய்க்குள் நடக்கும் உடல் வேலைதான். மன்னார்குடிப் பையன் ஒருவன் புலவர் வேஷத்துக்கு வந்தான். வீட்டில் அவனுக்கு வாழைப்பழம் ‘வாளப்பளம்’. நாக்கு நுனி வளைந்து அண்ணத்தை வருட ழகாரம் பிறக்கும் என்கிறது தொல்காப்பியத்தின் பிறப்பியல். ஒட்டினால் ள. நுனி ஒட்டாமல் பின்னால் வளையும்போது மூன்றாவது ஒத்ததிர்வு (முன்பு சொன்ன 2500) கீழே இறங்கி, ஒலி இருண்டு கேட்கும். ‘அ’வை நீட்டியபடியே நாக்கை மெல்லப் பின்னால் மடக்கச் சொன்னேன். ஒட்டியது, ஒட்டியது, திரும்பவும் ஒட்டியது. நான்காம் நாள் சாயங்காலம், பஸ்ஸுக்காக எழுந்தவன் வாசற்படியில் நின்று ‘பழம்’ என்றான். திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு இன்னொரு முறை சொன்னான்.