வாளித் தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்

தீபாவளி நெருங்கினால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் மருந்தகக் கவுண்டருக்குச் சிறு சிறு போத்தல்கள் வரத் தொடங்கிவிடும். செராய் (எலுமிச்சைப் புல்) வாசனையில் குளியல் எண்ணெய், கற்றாழை க்ரீம், காப்பித்தூள் ஸ்க்ரப். வீட்டில் செய்து, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து, பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விற்பார்கள். "எல்லாம் நேச்சுரல்தான் மிஸ், கெமிக்கல் ஒண்ணும் போடல" என்று நீட்டுவார்கள். வாங்கியதும் எண்ணெய் மேலே தனியாக நிற்கிறதா என்று பார்ப்பேன். பெரும்பாலும் நிற்கும். "குலுக்கிட்டு ஊத்தணும் மிஸ்" என்று பதில் தயாராக இருக்கும்.

குலுக்கினால் சில நொடிக்குத்தான் கலந்த மாதிரி இருக்கும். எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்துவைக்கும் எமல்சிஃபையர் என்ற பொருள் அதில் இல்லை. இதனால் க்ரீமின் அழகு கெடுவது சின்ன விஷயம். எனக்குக் கவலை தோலைப் பற்றி.

இணையத்தில் வரும் செய்முறைகள் பலவும் குளியல் தொட்டியை நினைத்து எழுதப்பட்டவை. தொட்டியில் 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். நம் வீடுகளில் வாளிதான். 20 லிட்டர் பிடித்தால் பெரிது. தொட்டிக்குச் சொன்ன பத்துச் சொட்டு வாசனை எண்ணெயை இதில் விட்டால் எண்ணெய் மேலே படலமாகப் பரவி நிற்கும். முதல் குவளை மொள்ளும்போதே பெரும்பகுதி அதில் ஏறிவிடும். யார் தலையில் அதை ஊற்றுகிறோமோ, அவர் மேல் விழுவது ஏறக்குறைய கலப்பில்லாத வாசனை எண்ணெய். செராய் எண்ணெயில் சிட்ரல் என்ற வேதிப்பொருள் அதிகம், கிராம்பு எண்ணெயில் யூஜெனால் என்பது அதிகம். இரண்டுமே தோலை எரிக்கவும் ஒவ்வாமை உண்டாக்கவும் கூடியவை. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அடுத்தமுறை கொஞ்சம் பட்டாலே தடித்துப்போகும். அக்குளிலும் கழுத்து மடிப்பிலும் சிவந்து, "வேர்க்குரு மாதிரி இருக்கு" என்று வருபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, குளிக்கிற தண்ணீரில் என்ன போட்டீர்கள் என்பதுதான்.

உப்பிலோ சமையல் சோடாவிலோ எண்ணெயைப் பிசைந்து போட்டாலும் இதே கதை. உப்பு கரையும், எண்ணெய் மேலே வந்துவிடும்.

எமல்சிஃபையர் என்ன செய்கிறது என்பதை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய குடும்பங்களுக்கு விளக்குவது சுலபம். ரப்பர் பாலில் நுண்ணிய ரப்பர் துகள்கள் தண்ணீரில் மிதக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றிப் புரதமும் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய உறை இருப்பதால் ஒன்றோடொன்று ஒட்டாமல் பாலாகவே நிற்கின்றன. ஃபார்மிக் ஆசிட் விட்டதும் அந்தக் காப்பு போய், பால் கட்டியாகிறது. க்ரீமிலும் குளியல் எண்ணெயிலும் அந்த உறையை நாம்தான் வெளியிலிருந்து கொடுக்கிறோம். எமல்சிஃபையர் மூலக்கூறின் ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும், மறுமுனைக்கு எண்ணெய் பிடிக்கும். அது எண்ணெய்த் துளியைச் சுற்றி நின்று, துளிகள் மறுபடி சேர்ந்துவிடாமல் தடுக்கிறது.

எந்த எமல்சிஃபையர் என்பதற்கும் கணக்கு உண்டு. 1949-இல் வில்லியம் கிரிஃபின் என்ற வேதியியலாளர் எச்.எல்.பி. என்ற அளவுகோலைக் கொண்டுவந்தார். எண் சிறியதென்றால் எண்ணெய்ப் பக்கம் சாய்வு, பெரியதென்றால் தண்ணீர்ப் பக்கம். பாலிசார்பேட் 20 என்ற எமல்சிஃபையருக்கு 16.7, பாலிசார்பேட் 80-க்கு 15. வாசனை எண்ணெய்க்கு முன்னது பொருந்தும். பாதாம், தேங்காய் போன்ற கனமான எண்ணெய்க்குப் பின்னது. வாசனை எண்ணெயையும் பாலிசார்பேட்டையும் முதலில் தனியே கலந்துவிட்டு, பிறகுதான் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். சம எடையில் தொடங்குங்கள். கலங்கலாகவோ மேலே படலம் கட்டியோ இருந்தால் கூட்டுங்கள். சில எண்ணெய்க்கு நாலு பங்குகூடத் தேவைப்படும். இவ்வளவு சிரமம் வேண்டாம் என்பவர்கள் வாசனையில்லாத பாடி வாஷில் ஓரிரு சொட்டுக் கலந்து பயன்படுத்தலாம். கைக்குழந்தையின் தண்ணீரில் எதுவுமே வேண்டாம்.

க்ரீமுக்கு வேறு ஆள்: எமல்சிஃபையிங் வேக்ஸ். எண்ணெய்ப் பகுதியின் எடையில் கால்வாசி அளவு போட்டு, எண்ணெயையும் தண்ணீரையும் தனித்தனியே 70 டிகிரிக்குச் சூடாக்கி, சேர்த்து, ஆறும்வரை கிண்ட வேண்டும். "தேன்மெழுகு போட்டிருக்கேனே மிஸ்" என்பார்கள். தேன்மெழுகு கெட்டியாக்கும், தனியாக அது எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துவைக்காது.

பாலிசார்பேட் என்ற பெயரைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. இப்படிப்பட்ட எமல்சிஃபையர்கள் பலவற்றுக்கு வேண்டிய கொழுப்பு அமிலம் செம்பனை எண்ணெயிலிருந்தும் எடுக்கப்படுகிறது. செம்பனைக்கு நடுவே குடியிருந்துகொண்டு அதன் பேரன் பேத்திகளைக் கண்டு பயப்படுகிறோம்!

பிரியாத க்ரீம் கெடாத க்ரீம் என்று நினைத்துவிடுவதுதான் இன்னும் பெரிய ஆபத்து. தண்ணீர், கற்றாழைச் சாறு, பன்னீர் எது சேர்ந்தாலும் பாக்டீரியாவும் பூஞ்சையும் அதில் வளரும், நம் ஊர் வெக்கையில் இன்னும் வேகமாக. வழுவழுவென்று அழகாக இருக்கும் க்ரீமிலேயே சூடோமோனாஸ் கிருமி குடியிருக்கலாம். வாசனையோ நிறமோ மாறும்வரை கண்ணுக்குத் தெரியாது. வெடித்த பாதத்திலும் சர்க்கரை நோயாளியின் புண்ணிலும் அதைத் தடவினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வைட்டமின் ஈ எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் காக்கும், கிருமியைத் தடுக்காது. தடுக்கும் பொருளைத் தனியாகத்தான் சேர்க்க வேண்டும். ஃபீனாக்ஸிஎத்தனால் என்றால் ஆசியான் விதிப்படி 1 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. இதில் ஒரு சிக்கல் உண்டு: பாலிசார்பேட் நிறைய இருந்தால் அது பாராபென் போன்ற கிருமித் தடுப்புப் பொருட்களைத் தன்னோடு பிடித்துவைத்து, அவற்றின் வேலையைக் குறைத்துவிடும். ஒன்றைக் கூட்டும்போது மற்றதையும் பார்க்க வேண்டும்.

ஸ்க்ரப்பில் தண்ணீர் இல்லையே, எமல்சிஃபையர் எதற்கு என்று கேட்கலாம். குளியலறைத் தரைக்காகத்தான். சேர்த்தால் கழுவும்போது பால்போல் ஓடிவிடும். சேர்க்காவிட்டால் எண்ணெய் தரையில் தங்கி, அடுத்துக் குளிக்க வரும் பாட்டி வழுக்கி விழுவார்.

நீங்கள் மட்டும் பூசிக்கொள்வது உங்கள் விருப்பம். விலைக்குக் கொடுக்கும்போது அது சட்டப்படி அழகுப்பொருள். 1984-ஆம் ஆண்டு மருந்து, அழகுப்பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்படி தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திடம் முன்கூட்டியே அறிவித்து எண் பெற வேண்டும். வாங்குபவரும் அந்த எண்ணைக் கேட்கலாம், அந்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். "எக்ஸிமா குணமாகும்" என்று ஸ்டிக்கர் அடித்து வைத்திருந்தால் கிழித்துப் போடுங்கள். நோய் தீர்க்கும் என்று சொல்ல அழகுப்பொருளுக்கு அனுமதி கிடையாது.